தொலைவில் இருந்து பார்த்த ஜூலை

வங்கதேசத்தின் குடிமக்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் நாட்டுக்கு வெளியே வாழ்கிறார்கள். சவுதி அரேபியாவில்தான் அதிகம். ஐக்கிய அரபு அமீரகம், ஓமன், கத்தார், குவைத், மலேசியா, சிங்கப்பூர் என்று அந்தப் பட்டியல் நீளும். இந்த நாடுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் கட்டட வேலை, துப்புரவு வேலை, வீட்டு வேலை, ஓட்டுநர் வேலை பார்ப்பவர்கள். ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்பியாக வேண்டும். இன்னொரு பக்கம் பிரிட்டன், அமெரிக்கா, இத்தாலி போன்ற நாடுகளில் வேர்பிடித்துவிட்ட குடும்பங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 6.4 லட்சம் பேர் தங்களை வங்கதேசத்தவர் என்று பதிந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பூர்வீகம் சில்ஹெட். 2024 ஜூலையில் தாய்நாடு கொந்தளித்தபோது இரு சாராரும் பார்த்தது ஒரே வீடியோக்களைத்தான். பார்த்த பிறகு யாரால் என்ன செய்ய முடிந்தது என்பதை ஊர்ப்பாசம் தீர்மானிக்கவில்லை. அவரவர் நின்ற மண்ணின் சட்டம் தீர்மானித்தது.

கொந்தளிப்பின் தொடக்கம் அரசு வேலை. 1971 விடுதலைப் போராட்ட வீரர்களின் வாரிசுகளுக்கு 30 சதவீதம் உட்பட மொத்தம் 56 சதவீத இடங்கள் ஒதுக்கீட்டில் இருந்தன. மாணவர் போராட்டத்துக்குப் பிறகு 2018இல் அரசு அதை நீக்கியது. 2024 ஜூன் 5 அன்று உயர் நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லாது என்று தீர்ப்பளித்ததும், ஜூலை முதல் நாளில் இருந்து மாணவர்கள் மீண்டும் தெருவுக்கு வந்தார்கள். ஜூலை 14 அன்று பிரதமர் ஷேக் ஹசீனா செய்தியாளர்களிடம் பேசும்போது, போராட்ட வீரர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்காத சலுகை ரஜாக்கர்களின் பேரப்பிள்ளைகளுக்கா கிடைக்க வேண்டும் என்ற பொருளில் கேட்டார். 1971இல் பாகிஸ்தான் ராணுவத்துக்குத் துணைநின்ற ஆயுதப் படைக்கு ரஜாக்கர் என்று பெயர். வங்கதேசத்தில் ஒருவரை அப்படிச் சொல்வதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை. டாக்கா பல்கலைக்கழக விடுதிகள் அன்றிரவே கொதித்து எழுந்தன. இரண்டு நாள் கழித்து ரங்பூரில், பேகம் ரோக்கியா பல்கலைக்கழக மாணவர் அபு சயீத், கைகளை விரித்தபடி காவலர்களுக்கு எதிரே நின்று சுடப்பட்டு இறந்தார்.

அந்தக் காட்சி வீடியோவில் பதிவாகியிருந்தது. ரியாத்தில் ஷிப்ட் முடித்து லேபர் கேம்ப்புக்குத் திரும்பியவரும், கிழக்கு லண்டனில் உணவகத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனவரும் அதைப் பார்த்தார்கள். ஒதுக்கீட்டோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களைப் போராட்டத்துக்குள் இழுத்து வந்தது அதுதான். வளைகுடாவில் வேலை செய்பவர் அரசு வேலைத் தேர்வு எழுதப் போவதில்லை. ஆனால் அவர் அனுப்பும் பணத்தில் படிக்கும் தம்பி எழுதுவான். படிப்பை முடித்த தங்கை ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பாள்.

தொடர்பு அறுந்த நாட்கள்

ஜூலை 18 வியாழக்கிழமை. காலையிலேயே மொபைல் டேட்டா போய்விட்டது. இரவு 9 மணி வாக்கில் பிராட்பேண்ட் இணைப்பும் நின்றது. மறுநாள் வெளிநாட்டில் இருந்து செய்த தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை கிடைக்கவில்லை. டாக்கா நாளிதழ்களின் இணையப் பக்கங்கள் பழைய செய்தியோடு அப்படியே நின்றன. 19ஆம் தேதி நள்ளிரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டு ராணுவம் இறக்கப்பட்டது. மிக அதிகமானோர் கொல்லப்பட்ட நாட்களில் சில இந்த இருட்டுக்குள்தான் வருகின்றன.

வெளிநாட்டுத் தொழிலாளியின் குடும்பம் பெரும்பாலும் போன் திரையில்தான் நடக்கிறது. இமோ, வாட்ஸ்அப் வழியாக நாள்தோறும் பேசுகிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் தட்டைக் காட்டுகிறார்கள். குழந்தை நடை பழகுவதை அப்பா அதில்தான் பார்க்கிறார். இணையம் போனதோடு அந்தக் குடும்ப வாழ்க்கையும் நின்றது. பிள்ளை வீட்டில் இருக்கிறானா, ஊர்வலத்துக்குப் போனானா, போனவன் திரும்பினானா என்பது தெரியாமல் ஐந்து நாள். பணம் அனுப்பியிருந்தாலும் அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. மொபைல் பணப் பரிமாற்றச் சேவைகள் முடங்கிக் கிடந்தன. நகரங்களில் ஏடிஎம்கள் பணமின்றி நின்றன. ப்ரீபெய்ட் மின்சார மீட்டருக்கு ரீசார்ஜ் செய்ய முடியாமல் மக்கள் வரிசையில் நின்றார்கள்.

மகாகாலியில் உள்ள தரவு மையத்துக்குப் போராட்டக்காரர்கள் தீ வைத்ததால் இணையம் அறுந்தது என்று தகவல் தொழில்நுட்பத் துறை இணையமைச்சர் ஜுனைத் அகமது பலக் சொன்னார். ஹசீனா ஆட்சி விழுந்த பின் ஆகஸ்டில் இடைக்கால அரசு நடத்திய விசாரணை வேறு உண்மையைச் சொன்னது: தீக்கும் துண்டிப்புக்கும் தொடர்பில்லை, அமைச்சரின் வாய்மொழி உத்தரவுப்படியே இணையம் நிறுத்தப்பட்டது. ஒரு நாட்டின் குடிமக்களை எழுத்தில் ஒரு வரி கூட இல்லாமல் உலகத்தில் இருந்து துண்டித்துவிட முடிந்தது என்பது அந்த விசாரணை வெளிக்கொணர்ந்த மிகக் கொடுமையான செய்தி.

ஜூலை 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அமர்வு ஒதுக்கீட்டை 7 சதவீதமாகக் குறைத்தது. போராட்டத்தின் முதல் கோரிக்கை அதோடு நிறைவேறியது. ஆனால் விவகாரம் அதைக் கடந்துபோய் வெகுநேரம் ஆகியிருந்தது. 23ஆம் தேதி பிராட்பேண்ட் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. மொபைல் டேட்டா 28ஆம் தேதிதான் வந்தது. ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் மாதக் கடைசி வரை முடக்கப்பட்டிருந்தன. மக்கள் விபிஎன் போட்டுப் பேசினார்கள். இறந்தவர்களுக்காக ஜூலை 30 அன்று அரசு துக்கம் அறிவித்தபோது, சுட்ட அரசே அழுவதா என்று மறுத்த மக்கள் கறுப்புக்குப் பதிலாகச் சிவப்பை எடுத்துக்கொண்டார்கள். வங்கதேசத்தவரின் ஃபேஸ்புக் முகப்புப் படங்கள் உலகம் முழுவதும் சிவந்தன. வெளிநாட்டில் இருந்தவர்களில் பலருக்கு அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

ஒரே வாரம், இரண்டு நாடுகள்

அதற்கு மேல் செய்ய முயன்றவர்களுக்கு என்ன ஆயிற்று? இணையம் அறுந்த மறுநாள், ஜூலை 19 வெள்ளிக்கிழமை.  அமீரகத்தின் பல தெருக்களில் வங்கதேசத் தொழிலாளர்கள் கூடி முழக்கமிட்டார்கள். அவர்கள் எதிர்த்தது தங்கள் நாட்டு அரசைத்தான்; அமீரகத்துக்கு எதிராக ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் அங்கே அனுமதியின்றிக் கூடுவதே குற்றம். அபுதாபி கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜூலை 21 அன்று, அதாவது கூடிய இரண்டே நாளில், 57 பேருக்குத் தண்டனை விதித்தது: மூவருக்கு ஆயுள், 53 பேருக்குப் பத்தாண்டு, ஒருவருக்குப் பதினோராண்டு. தண்டனை முடிந்ததும் நாடு கடத்தல். கூடியதில் குற்ற நோக்கம் இல்லை என்றும் சான்றுகள் போதாது என்றும் நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் வாதாடியது எடுபடவில்லை. தீர்ப்பின் வேகத்தையும் கடுமையையும் ஆம்னெஸ்டி அமைப்பு கண்டித்தது.

பத்தாண்டு என்பது ஒரு தொழிலாளிக்கு என்ன என்பதை அவர் அங்கு போய்ச் சேர்ந்த வழியைத் தெரிந்துகொண்டால்தான் அளக்க முடியும். வங்கதேசப் புள்ளியியல் துறையின் 2020 ஆய்வின்படி, வெளிநாட்டு வேலைக்குப் போக ஒருவருக்குச் சராசரியாக 4.17 லட்சம் டாக்கா (வங்கதேச நாணயம்) செலவானது. அதைச் சம்பளத்தில் இருந்து மீட்க ஒன்றரை ஆண்டு வேலை செய்ய வேண்டியிருந்தது. நிலத்தை அடகு வைத்தும் மனைவியின் நகையை விற்றும் வட்டிக்கு வாங்கியும் சேர்த்த தொகை அது. விசா முதலாளியின் கையில். அவர் கேன்சல் செய்தால் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். கடன் மட்டும் ஊரில் காத்திருக்கும். தமிழ்நாட்டில் இருந்து வளைகுடாவுக்குப் போய் அதே கேம்ப்புகளில் பக்கத்துக் கட்டிலில் படுத்து எழுந்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. இவ்வளவும் தெரிந்தே அந்த மனிதர்கள் தெருவில் இறங்கினார்கள் என்பதை வெறும் ஆவேசம் என்று ஒதுக்கிவிட முடியாது.

லண்டனில் அதே வாரம் ஒயிட்சேப்பலில் கூட்டங்கள் நடந்தன. 1978இல் இனவெறியர்களால் கொல்லப்பட்ட ஆடைத் தொழிலாளி அல்தாப் அலியின் பெயரில் அங்கே ஒரு பூங்கா இருக்கிறது. அதற்குள் டாக்காவின் மொழிப் போராட்டத் தியாகிகள் நினைவுச்சின்னமான ஷஹீத் மினாரின் சிறு வடிவம் நிற்கிறது. பிரிட்டன் வங்காளிகள் துக்கத்துக்கும் கோபத்துக்கும் கூடுவது அந்தப் பக்கம்தான். ஜூலை 18 இரவு அப்பகுதியில் இரு தரப்பினர் மோதிக்கொண்டார்கள். காவலர்களுக்குக் காயம் ஏற்பட்டது. ஆனால் கூடியதற்காக மட்டும் யாரும் பத்தாண்டு சிறைக்குப் போகவில்லை. நியூயார்க்கிலும் டொராண்டோவிலும் கூட்டங்கள் நடந்தன. சிங்கப்பூரில் பொதுப் பேச்சுக்கென்று ஒதுக்கப்பட்ட ‘பேச்சாளர் மூலை’யில்கூட அனுமதி இல்லாமல் வெளிநாட்டவர் போராட்டத்தில் சேரக் கூடாது என்பது சட்டம்.

குரல் கொடுக்க லண்டனில் கிடைத்த இந்த வெளி திடீரென்று உருவானதல்ல. 1971 மார்ச்சில், டாக்கா பல்கலைக்கழகத் துணைவேந்தர் நீதிபதி அபு சயீத் சவுத்ரி ஐ.நா. மனித உரிமை ஆணையக் கூட்டத்துக்காக ஜெனீவாவில் இருந்தார். தம் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி கிடைத்ததும் அங்கிருந்தே பதவி விலகினார். ஊர் திரும்பாமல் லண்டனில் தங்கி, நாடு பிறக்கும் முன்பே அதன் தூதராக இயங்கினார். உணவகங்களிலும் ஆலைகளிலும் வேலை பார்த்த சில்ஹெட்காரர்கள் வாரக் கூலியில் இருந்து எடுத்துப் போராட்ட நிதிக்குக் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 1 அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் பெருங்கூட்டம் கூடியது. அதே நாளில் நியூயார்க்கில் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் வங்கதேசத்துக்காகக் கச்சேரி நடத்தினார்கள். வங்கதேசத்தின் முதல் எட்டு அஞ்சல் தலைகளை வடிவமைத்த பிமான் மல்லிக்கும் லண்டனில் வாழ்ந்தவர்தான். 1972 ஜனவரியில் சவுத்ரி நாட்டின் குடியரசுத் தலைவரானார். வெளிநாட்டில் இருந்து குரல் கொடுப்பது அந்த நாட்டுக்குப் புதிதல்ல. நாடு உருவானதில் அந்தக் குரலுக்கும் பங்கு உண்டு.

பணம் என்ற ஆயுதம்

வளைகுடாத் தொழிலாளிக்குத் தெரு மூடப்பட்டது. அவர் கையில் மிஞ்சியது ஒன்றே ஒன்று: மாதாமாதம் ஊருக்கு அனுப்பும் பணம். அது சிறிய பொருளல்ல. 2023-24 நிதியாண்டில் வெளிநாட்டில் வாழ்பவர்கள் வங்கிகள் வழியாக அனுப்பியது 2,391 கோடி டாலர். ஆயத்த ஆடை ஏற்றுமதிக்கு அடுத்தபடியாக நாட்டைத் தாங்கும் டாலர் அதுதான். 2021 ஆகஸ்டில் 4,800 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு, 2024 ஜூலை முடிவில், பன்னாட்டு நிதியத்தின் கணக்கு முறைப்படி, சுமார் 2,050 கோடிக்கு இறங்கியிருந்தது. எரிபொருள் வாங்கவும் கடன் தவணை கட்டவும் டாலர் தேவை. அரசு இந்தத் தொழிலாளர்களை மேடைதோறும் ‘ரெமிட்டன்ஸ் வீரர்கள்’ என்று புகழ்ந்ததற்கும் வங்கி வழியாக அனுப்பினால் இரண்டரை சதவீத ஊக்கத்தொகை கொடுத்ததற்கும் காரணம் இதுதான்.

அந்த வீரர்கள் இப்போது பணத்தை நிறுத்துவோம் என்றார்கள். ‘ரெமிட்டன்ஸ் ஷட்டவுன்’ என்ற முழக்கம் ஜூலைக் கடைசியில் பரவியது. எக்ஸ்சேஞ்சுக்குப் போக வேண்டாம், வங்கி வழியாக அனுப்ப வேண்டாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். வதந்திகளை நம்ப வேண்டாம், சட்டபூர்வ வழியில் பணம் அனுப்புங்கள் என்று அரசுத் தரப்பில் இருந்து வேண்டுகோள் வந்தது. குடிமகனாக அவர்களை நினைக்காத அரசு, டாலராக அவர்களை நினைவுகூர்ந்தது.

எவ்வளவு தாக்கம் இருந்தது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஜூலை 19 முதல் 24 வரை ஆறு நாளில் வந்தது சுமார் 7.8 கோடி டாலர். அதற்கு முந்தைய நாட்களில் ஒரே நாளின் சராசரியே கிட்டத்தட்ட அவ்வளவு. ஆனால் அந்த நாட்களில் பெரும்பாலும் இணையமும் இல்லை, வங்கிகளும் திறக்கவில்லை. மாதம் முழுவதற்கும் வந்தது 191 கோடி டாலர். ஜூனில் 254 கோடி. பத்து மாதத்தில் இல்லாத சரிவுதான். என்றாலும் ஜூனில் பக்ரீத் வந்தது. பெருநாளுக்கு எல்லோரும் கூடுதலாக அனுப்புவார்கள். முந்தைய ஆண்டு ஜூலையில் வந்தது 197 கோடி. ஆக, அரசின் கஜானாவை முழக்கம் மட்டுமே காலி செய்தது என்று சொல்வதற்கு எண்கள் இடம் கொடுக்கவில்லை. அது தொட்டது அரசின் நம்பிக்கையை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பணத்தை அடியோடு நிறுத்த யாராலும் முடியாது. ஊரில் அடுப்பு எரிய வேண்டும், தவணை கட்ட வேண்டும். வங்கியைத் தவிர்த்தவர்கள் உண்டியலுக்குத்தான் போனார்கள். ஈழத் தமிழர்களும் வளைகுடாத் தமிழர்களும் நன்கு அறிந்த வழி அது: ரியாத்தில் ஒரு கடைக்காரரிடம் ரியாலைக் கொடுத்தால், சில மணி நேரத்தில் கொமில்லாவில் அவருடைய கூட்டாளி வீட்டுக்கே வந்து டாக்காவைக் கொடுத்துவிடுவார். 2024 மே மாதம் அரசு டாலருக்கு 117 டாக்கா என்று நடுவிலை வைத்தபோதும் உண்டியலில் அதைவிடச் சில டாக்கா கூடுதலாகக் கிடைத்தது. இந்த ஏற்பாட்டில் அந்நியப் பணம் நாட்டுக்குள் வருவதே இல்லை. அது வெளிநாட்டிலேயே நின்று, உள்நாட்டில் கறுப்பு டாக்கா வைத்திருந்து அதை வெளியே கடத்த விரும்பும் ஆளின் கணக்குக்குப் போகிறது. பொருளாதார நிலை குறித்து தேவப்ரியா பட்டாச்சார்யா தலைமையிலான குழு 2024 டிசம்பரில் கொடுத்த வெள்ளை அறிக்கை, 2009 முதல் 2023 வரை ஆண்டுக்குச் சராசரியாக 1,600 கோடி டாலர் சட்டவிரோதமாக வெளியேறியதாக மதிப்பிட்டது. அரசைத் தண்டிக்க உண்டியலில் போட்ட ரியால், அந்த அரசின் நிழலில் கொழுத்தவர்கள் தப்பிக்கவும் வழியாகியிருக்கும். தொழிலாளியைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கு விட்டுவைக்கப்பட்ட ஆயுதமே அப்படிப்பட்டது.

ஆகஸ்டுக்குப் பிறகு

போராட்டம் ஹசீனா பதவி விலக வேண்டும் என்ற கோரிக்கையாக வளர்ந்தது. ஆகஸ்ட் 5 அன்று அவர் ஆட்சியை விட்டு இந்தியாவுக்குப் பறந்தார். பாரிஸில் இருந்த பொருளாதார அறிஞர் முகமது யூனுஸ் திரும்பி வந்து 8ஆம் தேதி இடைக்கால அரசின் தலைமையை ஏற்றார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 15 வரை 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம், அவர்களில் 12 முதல் 13 சதவீதம் சிறார்கள் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2025 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது.

பணம் திரும்பி வந்தது. ஆகஸ்டில் 222 கோடி, செப்டம்பரில் 240 கோடி. 2025 மார்ச்சில், ரமலான் மாதத்தில், 329 கோடி. 2024-25 நிதியாண்டின் மொத்தம் 3,033 கோடி டாலர், அதுவரை இல்லாத உச்சம். உண்டியலுக்கும் வங்கிக்கும் இடையிலான விலை வித்தியாசம் சுருங்கியது ஒரு காரணம். வெளியே பணம் கடத்த டாலர் தேடிய ஆட்கள் குறைந்தது இன்னொன்று. புதிய அரசின் மீது பிறந்த நம்பிக்கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அமீரகத்தில் சிறைப்பட்ட 57 பேருக்காக யூனுஸ் அந்நாட்டு அதிபர் ஷேக் முகமது பின் சயீதிடம் பேசினார். செப்டம்பர் 3 அன்று மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. 7ஆம் தேதியில் இருந்து அவர்கள் ஊர் வந்து சேரத் தொடங்கினார்கள். மன்னிப்பு கிடைத்தாலும் நாடு கடத்தல் மாறவில்லை. வேலை போயிற்று, அமீரகக் கதவு அவர்களுக்கு மூடியது.

தொலைவுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது, அது இந்த மாதங்களில் நன்றாகத் தெரிந்தது. ஹசீனா ஆட்சியில் வாய் திறந்தால் சிறை என்ற நிலையில், வெளிநாட்டில் தஞ்சமடைந்தவர்களின் யூடியூப் சேனல்களும் ஸ்வீடனில் இருந்து இயங்கிய நேத்ரா நியூஸ் போன்ற இதழ்களும் உள்ளூர் ஏடுகள் எழுத முடியாததை எழுதின. அதற்கான கடன் நாட்டுக்கு உண்டு. ஆனால் ஆட்சி விழுந்த பிறகு அதே கைபேசித் திரைகளில் வேறொன்றும் வந்தது. 2025 பிப்ரவரி 5 இரவு டாக்காவின் தன்மண்டி 32ஆம் எண் வீட்டை, ஹசீனாவின் தந்தையும் நாட்டின் நிறுவனருமான ஷேக் முஜிபுர் ரகுமான் வாழ்ந்து கொல்லப்பட்ட வீட்டை, கூட்டம் இடித்துத் தள்ளியது. ஹசீனா இந்தியாவில் இருந்து இணையம் வழியாகப் பேசுவார் என்ற அறிவிப்பு தூண்டுதலாயிற்று. அங்கே திரளுமாறு அழைத்தவர்களில் கடல்கடந்து வாழும் பிரபல யூடியூபர்களும் இருந்தார்கள். ஆகப் பேசியவரும் வெளிநாட்டில், தூண்டியவர்களும் வெளிநாட்டில். இடிபாட்டின் நடுவே நின்றவர்களும் அடுத்த நாள் வழக்கைச் சந்திக்கக்கூடியவர்களும் மட்டுமே உள்ளூர்க்காரர்கள்.

வெளிநாட்டில் வாழும் சமூகம் ஒரே குரலாகவும் இல்லை. ஆகஸ்ட் 5க்குப் பிறகு இந்துக்களின் வீடுகளும் கோயில்களும் தாக்கப்பட்டபோது, லண்டனிலும் டொராண்டோவிலும் வாஷிங்டனிலும் கூடியவர்கள் வேறு கூட்டம். ஜூலையில் அழுதவர்களும் ஆகஸ்டில் அழுதவர்களும் ஒரே தெருவில் கடை வைத்திருப்பவர்கள்தான். எந்தக் குடும்பம் எப்போது போனைப் பார்த்து அஞ்சியது என்பது அது எந்த மதம், எந்தக் கட்சி என்பதைப் பொறுத்து மாறியது. ஒரு நாட்டின் கலவரத்தை அயலகம் பார்த்தது என்று ஒற்றை வாக்கியத்தில் எழுதும் செய்திகள் இந்த உண்மையைத்தான் விழுங்கிவிடுகின்றன.

ஓட்டு

இவ்வளவு பணம் அனுப்பியவர்களுக்கு வாக்குரிமை தாளில் மட்டுமே இருந்தது. வெளிநாட்டில் இருந்து தபாலில் வாக்களிக்கச் சட்டம் இடம் கொடுத்தாலும், நடைமுறையில் அதைப் பயன்படுத்த வழியில்லை. ஊருக்குப் போனவர்கள் மட்டும் போட்டார்கள். 2024க்குப் பிறகு வெளிநாட்டில் வாழ்பவர்கள் விடாமல் எழுப்பிய கோரிக்கை இது. தேர்தல் ஆணையம் கைபேசிச் செயலி ஒன்றில் பதிவு, தபாலில் வாக்குச்சீட்டு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2026 பிப்ரவரி 12 தேர்தலுக்கும் அதே நாள் நடந்த பொது வாக்கெடுப்புக்கும் வெளிநாடுகளில் இருந்து ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். ஒரு கோடிப் பேரில் அது சிறு பங்குதான்.

ஏன் சிறு பங்கு என்பதற்கு விடை கேம்ப்புகளில் இருக்கிறது. பதிவுக்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும். வெளிநாடு போய்ப் பல ஆண்டுகள் ஆன பலரிடம் அது இல்லை, தூதரகத்தில் எடுக்க ஒருநாள் கூலியை இழந்து நகரத்துக்குப் போக வேண்டும். வாக்குச்சீட்டு வந்து சேர முகவரி வேண்டும். வளைகுடாவில் தபால் வீட்டு வாசலுக்கு வருவதில்லை, அஞ்சல் பெட்டிக்கு வருகிறது. கேம்ப்பில் இருப்பவருக்கு அந்தப் பெட்டி கம்பெனியுடையது. நிரப்பிய சீட்டைத் திருப்பி அனுப்பத் தபால் நிலையம் போக வேண்டும். அதற்கும் மேஸ்திரியிடம் நேரம் கேட்க வேண்டும். லண்டனில் சொந்த வாசற்கதவும் அதில் தபால் துளையும் உள்ளவருக்கு இவை எதுவும் தடையில்லை.